பச்சைக் கட்டங்களும் வறண்ட குழாயும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்கா, தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் ஒரு நகராட்சியின் நீர்வழங்கல் பராமரிப்புப் பிரிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன் மேலாளராகப் பொறுப்பேற்றேன். நூற்றுக்கும் மேற்பட்டோர் எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள். முதல் நாளே தடித்த திட்டப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தொலைநோக்கு, விழுமியங்கள், ஐந்தாண்டு இலக்குகள் எல்லாம் அதில் இருக்கின்றன. காலாண்டு அறிக்கையில் எங்கள் பிரிவின் கட்டங்கள் ஏறக்குறைய அனைத்தும் பச்சை, அதாவது இலக்கை எட்டியவை. ஆனால் இதே நகராட்சியில் குடியிருக்கும் என் அம்மாவின் வீட்டுக் குழாயில் வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான் கேட்பது இதுதான்: அரசு நிறுவனத்தில் தலைமை மாறினால் வேலை உண்மையிலேயே மாறுமா? அல்லது பணமும் அரசியலும்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றனவா? நான் எங்கிருந்து தொடங்குவது? இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் வகுப்பில் கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

தமிழில் பிழை தேட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை தெளிவாகக் கேட்கத் தெரிந்தவருக்கு மொழி கைவந்திருக்கிறது என்றுதான் பொருள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ‘பச்சை’ என்ற சொல். நான் உள்ளாட்சியில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பச்சைக் கட்டங்கள் நிறைந்த அறிக்கைகளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். அதில் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி அதற்குள் இருக்கிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு சரிவான தெரு. அதன் கீழ்முனையில், ஒரு வீட்டு மதிலை ஒட்டிக் குழாய் கசிந்தது. அந்த வீட்டு அம்மா தொலைபேசியில் புகார் சொன்னார். ஒரு வேலைச் சீட்டு பிறந்தது. ஃபிட்டர் அன்று மாலையே போனார், பள்ளம் தோண்டினார், வெடித்த இடத்தில் பழைய டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினார். சீட்டில் ‘கவனிக்கப்பட்டது’ என்று எழுதி மூடினார். நான்கு நாளில் மறுபடியும் கசிவு. மறுபடியும் புகார், புதிய எண்ணில் புதிய சீட்டு, அதே ரப்பர். ஆறு வாரத்தில் அந்த ஒரே ஓட்டைக்கு ஐந்து சீட்டுகள். ஐந்தும் 24 மணி நேரத்துக்குள் மூடப்பட்டவை. எங்கள் அளவுகோல் ‘24 மணி நேரத்துக்குள் கவனிக்கப்பட்ட கசிவுகள்’ என்றிருந்தது. ஆக, அந்த ஓட்டை எங்கள் செயல்திறனை ஐந்து முறை உயர்த்தியிருந்தது. ஒரே தடவையில் ஒழுங்காகச் சரிசெய்திருந்தால் ஒரு முறைதான் உயர்ந்திருக்கும்.

நான் அந்தத் தெருவுக்குப் போனது தற்செயல். பள்ளத்துக்குள் நின்றிருந்த ஃபிட்டர் அலுவலக மேலாளரைப் பார்த்ததும் பயந்துபோனார். “ஏன் ரப்பர்?” என்று கேட்டேன். அந்த அளவுக் குழாய்க்குப் போடும் இரும்புப் பட்டை ஸ்டோர்ஸில் ஐந்து மாதமாக இல்லை என்றார். யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மேற்பார்வையாளரிடம் முதல் மாதமே சொன்னாராம். மேற்பார்வையாளர் தன் மேலாளரிடம் சொல்லவில்லை. முந்தைய ஆண்டு அவர் ஒரு குறையைக் கூட்டத்தில் எழுப்பியபோது, அத்தனை பேர் முன்னிலையில் அவரைத் திட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். திட்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன், தம்பி. வாய் திறக்கவில்லை.

உங்கள் பயிற்சியில் தலைமையை எப்படி வரையறுத்தார்களோ எனக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை அந்த ஐந்து மாதம்தான் அதன் அளவு. ஸ்டோர்ஸில் பட்டை இல்லை என்ற செய்தி, பணத்தை ஒதுக்கும் அதிகாரம் உள்ளவரின் மேசைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது? திட்டப் புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அதில் விடை இருக்காது. ஏட்டுச் சுரைக்காய் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இனி, தலைமை மாறினால் வேலை மாறுமா என்ற உங்கள் கேள்வி. மாறும். நம் நாட்டிலேயே, நம் கண்முன்னே, இரண்டு திசையிலும் மாறியிருக்கிறது.

வரி வசூலிக்கும் தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவையைப் பாருங்கள். நம் டர்பனில் பிறந்த பிரவின் கோர்தன் 1999 முதல் 2009 வரை அதன் ஆணையர். படிப்பால் மருந்தாளுநர். வரி கட்டுவதை வெள்ளையர் அரசுக்குக் கப்பம் கட்டுவதாகவே பல தலைமுறை பார்த்த ஒரு நாட்டில், அந்த அலுவலகத்தை மக்கள் மதிக்கும் இடமாக அவர் தலைமையில் வளர்த்தார்கள். பெரிய நிறுவனங்களைக் கவனிக்கத் தனி மையம் வந்தது. வீட்டிலிருந்தே கணினியில் படிவம் தாக்கல் செய்யும் முறை வேரூன்றியது. 2014இல் வேறொருவர் ஆணையரானார். சட்டம் மாறவில்லை, கட்டடம் மாறவில்லை, ஊழியர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள். வெளியிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்தைக் கொண்டுவந்து அமைப்பையே கலைத்துப் போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ராபர்ட் நியூஜென்ட் தலைமையிலான ஆணையம் 2018இல் அதை விசாரித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிறுவனத்தை இப்படிக் கலைக்க எந்தத் தேவையும் இருக்கவில்லை என்று அது கண்டது. மேலாளர் நிலையில் இருந்த சுமார் 200 பேர் தங்கள் பொறுப்பை இழந்தார்கள். பலருக்குப் பதவிப்பெயர் இருந்தது, செய்வதற்கு வேலை இல்லை. பெரிய நிறுவனங்களுக்கான மையமும் சிதைந்தது. வரி செலுத்துவோருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் காரணமின்றித் தாமதப்படுவதை வரிக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை 2017இலேயே சுட்டிக்காட்டியிருந்தது. 2019 மே மாதம் எட்வர்ட் கீஸ்வெட்டர் ஆணையராக வந்தபின் முதலில் செய்தவற்றில் ஒன்று, கலைக்கப்பட்ட மையத்தை மீண்டும் நிறுவியது.

இதை நான் பாடமாக நடத்தும்போது அதிகாரிகள் உடனே ஊழலைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஊழல் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 200 பேர். நல்ல தலைமை ஒரு நிறுவனத்தில் சேர்த்து வைப்பது, எதை எப்படிச் செய்வது என்று அறிந்த மனிதர்களை. அவர்களை மூலையில் உட்கார வைத்துவிட்டால் அறிவிப்பு எதுவும் இல்லாமலே நிறுவனம் மறதி நோயில் விழுகிறது. அங்கிருந்து மீட்டெடுக்க ஆண்டுகள் ஆகும்.

நீங்கள் நீர்வழங்கல் துறையில் இருக்கிறீர்கள். டர்பன் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கம். டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகராட்சியின் நீர்ப் பிரிவை நீல் மக்லியோட் என்ற பொறியாளர் 1992 முதல் 2014 வரை வழிநடத்தினார். ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிறிதளவு தண்ணீருக்கு ரசீது போட்டு வசூலிக்கும் செலவு, வருகிற காசைவிட அதிகம் என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அப்படியானால் அந்த அளவை இலவசமாகவே கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். மாதத்துக்கு 6 கிலோலிட்டர் என்ற அந்தக் கணக்கு 2001இல் நாடு முழுவதற்குமான கொள்கையானது. 2014இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது அந்தப் பிரிவுக்குக் கிடைத்தது. 14 ஆண்டுகளில் கூடுதலாக 13 லட்சம் பேருக்குக் குழாய்நீர் கொடுத்ததை விருதுக் குழு எடுத்துச் சொன்னது.

இதில் உத்தி எங்கே இருந்தது? எந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று தீர்மானித்ததில் இருந்தது. ஏழை வீட்டுக்கு ரசீது அனுப்பும் வேலையை விட்டார்கள். எங்கள் திட்டப் புத்தகங்களில் புதிதாகச் செய்யப்போவதன் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நிறுத்தப்போவதைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் பார்த்ததில்லை.

அதே மாநகராட்சியில் இன்று குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கும் மேல் வருவாய் தராமல் போகிறது. கசிவு, திருட்டிணைப்பு, பழுதான மீட்டர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்தப் பக்கத்து மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் தங்கை வீட்டில் குளியலறைத் தொட்டியைச் சமையல் தண்ணீருக்காக நிரப்பி வைத்திருந்தார்கள். வெள்ளத்தை எந்தத் தலைமையும் தடுத்திருக்க முடியாது. நகரமும் பெருகிவிட்டது. ஆனாலும் விருது வாங்கிய ஒரு பிரிவு, ஒரு தலைமுறை கழியுமுன்னே இந்த நிலைக்கு வந்தது என்றால், வேலையின் அறிவும் பராமரிப்பின் பழக்கமும் சிலருடைய தலையில் மட்டும் தங்கியிருந்ததோ என்று எனக்கு வலுவான சந்தேகம். நாடு முழுவதையும் எடுத்தால், 2023இல் வெளியான நோ டிராப் அறிக்கை, அதாவது நகராட்சிகளின் நீர் இழப்பை மதிப்பிடும் அரசு அறிக்கை, இந்த இழப்பை 47 விழுக்காடு என்கிறது. எனவே உங்கள் அம்மாவின் குழாய் தனிக்கதை இல்லை.

பணம், அரசியல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் இயங்குவதற்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதை அறிந்த மேலாளர், அறியாத மேலாளரைவிட நிறையச் சாதிக்கலாம். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. உங்கள் இலக்குகள் ஆண்டுச் சேவைத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, அவற்றை ஆண்டு நடுவில் நீங்களாக மாற்ற முடியாது. திருத்த வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து நகராட்சி மன்றம் ஒப்புதல் தந்தால்தான் மாறும். அதற்கு முன்னோடி, ஜனவரி 25க்குள் தரவேண்டிய அரையாண்டு மதிப்பீடு. உங்கள் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. அதுவரை இருக்கும் அளவுகோலை அப்படியே நிரப்பி அனுப்புங்கள். அதற்குப் பக்கத்தில் உங்கள் பிரிவுக்குள் மட்டும் இன்னொரு கணக்கை இன்றே தொடங்குங்கள்: புகார் வந்த நேரத்திலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் திரும்ப வந்த நேரம் வரை எத்தனை மணி? அதே இடத்தில் 30 நாளுக்குள் மறுபடியும் கசிந்ததா? இந்த இரண்டும் போதும். ஜனவரியில் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டும்போது, அளவுகோலை மாற்றச் சொல்லி நீங்கள் வாதாட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

காட்டுவதற்கு முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் இயக்குநரைத் தனியாகப் பார்த்து முதலில் அவரிடம் சொல்லுங்கள். நகராட்சி மேலாளரும் அவருக்கு நேர்கீழே இருக்கும் இயக்குநர்களும் ஆண்டுதோறும் செயல்திறன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, மிக உயர்ந்த மதிப்பெண் வாங்குபவருக்கு ஆண்டு ஊதியத்தில் 5 முதல் 14 விழுக்காடு வரை ஊக்கத்தொகை கிடைக்கலாம். உங்கள் கட்டம் சிவப்பானால் அவர் பையில் கைவைத்ததாக அவருக்குப் படும். அவரைக் கூட்டத்தில் திடுக்கிட வைத்தால் உங்களுக்கு ஒரு எதிரி கிடைப்பார், குழாய்க்கு ஒன்றும் கிடைக்காது. தனியாக, வேலைச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, இது இப்போதே நம் கண்ணில் பட்டது நல்லது, கவுன்சிலர் கண்டுபிடித்துக் கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் இருக்காது” என்று சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தவரை, பத்தில் ஏழு இயக்குநர்கள் அதற்குப் பிறகு உங்கள் பக்கம் வருவார்கள்.

கணக்காய்வை நம்பி ஆறுதல் கொள்ளாதீர்கள். தலைமைக் கணக்காய்வாளரின் ஆட்கள், நீங்கள் எழுதியதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘கவனிக்கப்பட்டது’ என்பதற்கு மூடிய சீட்டு சான்றாகிவிடும். குறையில்லாத கணக்காய்வு வாங்கிய நகராட்சியிலும் குழாய் வறண்டிருக்கலாம். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது தாகத்தை அளப்பதில்லை.

பராமரிப்புப் பணம் பற்றியும் ஒரு சொல். நகராட்சிகள் தங்கள் சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 8 விழுக்காட்டைப் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் செலவிட வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். பல நகராட்சிகள் அதன் அருகில்கூட வருவதில்லை. உங்களுடையது எத்தனை என்று நிதிப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். கவுன்சிலர்களிடம் ‘பணம் போதவில்லை’ என்று சொன்னால் எல்லாப் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ‘உங்கள் வட்டாரத்தில் இந்த மூன்று தெருக்களில் ஒரே ஓட்டையை இத்தனை முறை தோண்டினோம், ஒவ்வொரு தடவையும் ஓவர்டைம் இவ்வளவு, சரியான பட்டையின் விலை இவ்வளவு’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தெருப் பெயரைக் கண்டால் கவுன்சிலர் படிப்பார். அரசியலை வெறுத்து ஒதுங்கும் அதிகாரிகள் இதைக் கற்பதே இல்லை. அந்தக் கவுன்சிலரும் கோவிலில் உங்களைப் போலவே மறிக்கப்படுகிறவர்தான். ஆனால் ஒன்று: டெண்டரில் யாருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு திரும்பினால், அந்த நிமிடமே எழுந்து வாருங்கள். பேசியதை அன்று மாலையே எழுதி உங்கள் மேலதிகாரிக்கு அனுப்புங்கள். இதில் சலுகை கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கடந்த மாதம் மூடப்பட்ட வேலைச் சீட்டுகளில் 20ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அந்த முகவரிகளுக்கு நீங்களே போங்கள். ஓட்டுநரை விட்டுவிட்டுத் தனியாகப் போனால் இன்னும் நல்லது. கதவைத் திறப்பவரிடம் தண்ணீர் எப்போது திரும்ப வந்தது என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் கொடுக்காதீர்கள், வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். பிறகு ஒரு வாரம் இரவு ஸ்டாண்ட்பை வண்டியில் ஏறிப் போங்கள். வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று வரைபடம் இல்லாமலே சொல்லும் ஒருவர் அந்த வண்டியில் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற இரண்டு மூன்று ஆண்டு இருக்கும். அவருடைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். படித்து வந்த இளம் தொழில்நுட்பர் ஒருவரை அவரோடு சேர்த்து அனுப்பி, அவர் தலையில் இருப்பதை வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதற்காக அவருக்குப் பதவிப்பெயரோ சிறு பாராட்டோ எது உங்கள் அதிகாரத்தில் இருக்கிறதோ அதைக் கொடுங்கள். தொழிற்சங்கத்தாரையும் முதலிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். புதுக் கணக்கு வந்தால் ஃபிட்டரைத் தண்டிக்கத்தான் வருகிறது என்று அவர்கள் நினைப்பார்கள்; பழைய அனுபவம் அவர்களை அப்படி நினைக்க வைத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் இந்தக் கணக்கை வைத்து எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். கொடுத்த பிறகு அந்தச் சொல் தவறக் கூடாது.

உங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தின் முதல் பேச்சு பச்சைக் கட்டங்களைப் பற்றி இருக்க வேண்டாம். “இந்த வாரம் எந்த வேலையைச் சாமான் இல்லாமல் பாதியில் விட்டீர்கள்?” என்று தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் பேசமாட்டார்கள். மூன்றாவது வாரம் ஒருவர் தயங்கித் தயங்கி ஏதாவது சொல்வார். அந்த நேரம் உங்கள் முகம் என்ன ஆகிறது என்பதை அறையில் இருக்கும் அத்தனை பேரும் கவனிப்பார்கள். அவர் சொன்ன சாமான் அடுத்த திங்களுக்குள் வந்திருந்தால், அல்லது ஏன் வரவில்லை என்பதை நீங்கள் எழுந்து நின்று சொன்னால், நான்காவது வாரம் நான்கு பேர் பேசுவார்கள். நான் அன்று பேசாமல் இருந்த கூட்டத்துக்குப் பிறகு எங்கள் அறையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு மௌனம். அதன் விலையைத்தான் அந்தச் சரிவான தெருவில் ஒரு அம்மா ஐந்து முறை தொலைபேசியில் கொடுத்தார்.

நம் அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு போதிய தண்ணீரை உரிமை என்கிறது. 1997இல் அரசு ஊழியர்களுக்கு வந்த ‘பாத்தோ பெலே’ கொள்கையின் பெயருக்கே ‘மக்கள் முதலில்’ என்றுதான் பொருள். உங்கள் அலுவலகச் சுவரிலும் அதன் எட்டு கோட்பாடுகள் சட்டமிட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற வேண்டாம். அதன் பக்கத்தில், புகாரிலிருந்து தண்ணீர் வரை ஆன மணிக்கணக்கை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாக்கட்டியால் எழுதி வையுங்கள், எண் எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும்.

கோவிலில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்பதும் உங்கள் மனதை அரிக்கிறது; அது வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அவர்களிடம் காரணம் சொல்லாதீர்கள். முகவரியை எழுதி வாங்குங்கள். அந்த வாரமே பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் உங்களைத் தேடுமுன் நீங்கள் அவர்களைத் தேடிப் போங்கள். அம்மாவின் வீட்டை மட்டும் வரிசையில் முந்த வைக்காதீர்கள். அம்மாவுக்குக் கோபம் வரும். உங்கள் ஃபிட்டர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜனவரி மதிப்பீட்டுக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். சிவப்பான கட்டங்களை முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா